பதினேழு வயது ஒரு முறைதான்: தெற்காசிய ஜூனியர் கால்பந்தின் கதை

2024 பிப்ரவரி 8. டாக்காவின் கமலாபூர் ஸ்டேடியத்தில் 19 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான தெற்காசிய இறுதிப் போட்டி. இந்தியாவும் வங்கதேசமும் மோதின. எட்டாவது நிமிடத்திலேயே இந்தியா ஒரு கோல் போட்டுவிட்டது. அந்த ஒரு கோலிலேயே ஆட்டம் முடியப்போகிறது என்றிருந்தபோது, இஞ்சுரி டைமில் வங்கதேசத்தின் சாகரிகா சமன் செய்தார். பெனால்டிக்குப் போனது. ஐந்து பேர் அடித்தார்கள், சமன். ஆறு, ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு கோல்கீப்பர்களும் வந்து அடித்தார்கள். மொத்தம் 22 உதை, 22 கோல். 11-11.

அப்போது ஆட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரியான மேட்ச் கமிஷனர் ஒரு முடிவெடுத்தார்: நாணயம் சுண்டிப் பார்த்துவிடலாம். சுண்டினார்கள், இந்தியாவுக்கு விழுந்தது. இந்தியப் பெண்கள் துள்ளிக் குதித்துக் கொண்டாடினார்கள். வங்கதேசப் பெண்கள் மைதானத்தை விட்டு நகர மறுத்தார்கள். கேலரியிலிருந்து பாட்டில்கள் பறந்தன. பிறகு அதே கமிஷனர் முடிவை மாற்றி, பெனால்டியைத் தொடருங்கள் என்றார். வென்றுவிட்டோம் என்று நினைத்திருந்த இந்திய அணி மறுத்து வெளியேறியது. நீண்ட குழப்பத்துக்குப் பிறகு இரண்டு அணியும் சாம்பியன் என்று அறிவித்துக் கோப்பையைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

கால்பந்து விதிப்புத்தகத்தில் இதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது. எல்லோரும் ஒருமுறை அடித்து முடித்தால் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். வேண்டுமானால் அடிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். நாணயத்துக்கு வேலை இரண்டே இடத்தில்தான்: எந்தப் பக்கக் கம்பத்தில் அடிப்பது, யார் முதலில் அடிப்பது. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் சமனில் முடித்தபோது நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். அந்த அநியாயம் போதும் என்றுதான் 1970-ல் பெனால்டி முறையே வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் பழசான ஒரு விஷயத்தை டாக்காவில் பெரியவர்கள் மறந்துபோனார்கள்.

இந்தச் சம்பவத்தை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தெற்காசிய ஜூனியர் கால்பந்தைக் கொஞ்ச காலம் தொடர்ந்து பார்த்தால் ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பிள்ளைகள் தங்கள் வேலையைக் குறையில்லாமல் செய்கிறார்கள். சுற்றி இருக்கும் நிர்வாகம்தான் சறுக்குகிறது. சறுக்கலுக்கான விலையைக் கொடுப்பது மட்டும் பிள்ளைகள்.

சரி, இந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, சுருக்கமாக சாஃப், 1997-ல் தொடங்கியது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை, மாலத்தீவு ஆகியவை தொடக்க உறுப்பினர்கள். பூடான் பிறகு சேர்ந்தது. 2005-ல் வந்த ஆப்கானிஸ்தான் 2015-ல் மத்திய ஆசியப் பக்கம் போய்விட்டது. தலைமையகம் டாக்காவில். ஜூனியர் பையன்களுக்கான போட்டி 2011-ல் காத்மாண்டுவில் 16 வயதுக்கு உட்பட்டோருக்காகத் தொடங்கியது. இப்போது இரண்டு பிரிவுகளாக நடக்கிறது: பதினாறு, பதினேழு வயதை ஒட்டி ஒன்று, பத்தொன்பது, இருபதை ஒட்டி இன்னொன்று. பெண்களுக்கும் அதேபோல.

வயது எல்லை ஏன் வருடா வருடம் மாறுகிறது என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். 2015 வரை 16, 2017-ல் 15, 2022-ல் 17, 2023-ல் மறுபடி 16, 2024-ல் 17. இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஆசியக் கூட்டமைப்பு நடத்தும் தகுதிச் சுற்று எந்த வயதினருக்கு வருகிறதோ, அதற்கு ஒத்திகையாக சாஃப் போட்டியை வைக்கிறார்கள். அடுத்த வருடம் 17 வயதுத் தகுதிச் சுற்று என்றால், இந்த வருடம் அதே பையன்கள் 16 வயதுப் பிரிவில் ஆடுவார்கள். ஆகவே இதை ஒரு கோப்பையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். பெரிய தேர்வுக்கு முன்னால் வைக்கும் மாதிரித் தேர்வு என்று எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

அந்த ஒத்திகை எவ்வளவு பயன்படும் என்பதற்கு 2019 நல்ல உதாரணம். ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கல்யாணியில் நடந்த 15 வயதுப் போட்டியின் இறுதியில் இந்தியா நேபாளத்தை 7-0 என்று வென்றது. பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியாளர். அதே அணி அடுத்த மாதமே தாஷ்கண்டுக்குப் போய், ஆசியத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானை அதன் சொந்த மண்ணில் சமன் செய்து, பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்து பஹ்ரைனில் ஆசியப் போட்டி. அங்கே நன்றாக ஆடினால் 17 வயது உலகக் கோப்பை. அதற்குள் கொரோனா வந்துவிட்டது. பெருவில் நடக்கவிருந்த உலகக் கோப்பையையும் பஹ்ரைன் போட்டியையும் ரத்து செய்துவிட்டார்கள். 2020-ல் இந்தியாவில் நடக்க வேண்டிய பெண்களுக்கான 17 வயது உலகக் கோப்பையும் 2022-க்குத் தள்ளிப்போனது. அதற்காக முகாமில் இருந்த பெண்களில் பலருக்கு வயது தாண்டிவிட்டது.

கொரோனா யார் கையிலும் இல்லை, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஜூனியர் விளையாட்டின் அடிப்படைக் கணக்கை அது எல்லோருக்கும் காட்டியது. சீனியர் வீரருக்கு ஒரு போட்டி தவறினால் அடுத்த வருடம் இருக்கிறது. பதினேழு வயதுப் பையனுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. அவன் பிரிவே மாறிவிடும். புதிய பிரிவில் அவனை விட இரண்டு வயது மூத்தவர்களோடு இடத்துக்குப் போட்டி போட வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் கதையைப் பாருங்கள். 2011-ல் காத்மாண்டுவில் நடந்த முதல் போட்டியிலேயே இறுதியில் இந்தியாவை 2-1 என்று வென்று சாம்பியன் ஆனது பாகிஸ்தான்தான். கராச்சியின் லியாரி பகுதியில் கிரிக்கெட்டை விடக் கால்பந்துக்குத்தான் மவுசு அதிகம். திறமைக்குக் குறைவே கிடையாது. ஆனால் அந்த நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்புக்குள் பதவிச் சண்டை. 2017 அக்டோபரில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடை விதித்தது. 2018 மார்ச்சில் நீக்கியது. தடை நீங்கிய அதே வருடம் அந்த நாட்டுப் பையன்கள் 15 வயதுப் போட்டியின் இறுதி வரை வந்து, வங்கதேசத்திடம் பெனால்டியில் தோற்றார்கள். பிறகு 2021 ஏப்ரலில் மறுபடி தடை. அது 2022 ஜூன் இறுதி வரை, ஏறத்தாழ 15 மாதம். 2025 பிப்ரவரியில் மூன்றாவது முறை. அதிர்ஷ்டவசமாக ஒரே மாதத்தில் முடிந்தது.

தடை அப்போதுதான் நீங்கியிருந்தது. 2022 ஜூலையில் புவனேஸ்வரில் 20 வயதுப் போட்டி நடந்தபோதும், செப்டம்பரில் கொழும்பில் 17 வயதுப் போட்டி நடந்தபோதும் பாகிஸ்தான் அணி இல்லை. அந்த வருடம் பதினேழு வயதில் இருந்த லியாரிப் பையனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தேர்தலை எப்படி நடத்துவது என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள். அவனுக்கு வீட்டிலிருந்து செய்தி கேட்கும் வேலை.

பாகிஸ்தானை மட்டும் சொல்வது நியாயமில்லை. இந்தியாவையே 2022 ஆகஸ்டில் ஃபிஃபா தடை செய்தது. பதினொரு நாள்தான் என்பதால் பலருக்கு மறந்துவிட்டது. 20 வயதுப் போட்டியின் இறுதியில் குர்கிரத் சிங் நான்கு கோல் போட்டு வங்கதேசத்தை 5-2 என்று வென்ற பிறகு தடை வந்தது. 17 வயது அணி கொழும்பு போவதற்குச் சில நாள் முன்பு நீங்கியது. இரண்டு வாரம் இழுத்திருந்தால் அந்தப் பையன்களும் வீட்டில்தான். இலங்கையைத் தடை செய்தது 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை. அந்த இடைவெளியில் பெங்களூரில் நடந்த சீனியர் தெற்காசியப் போட்டியில் இலங்கை இல்லை.

அப்புறம் விசா. அதே பெங்களூர் போட்டிக்குப் பாகிஸ்தான் சீனியர் அணி, விசா தாமதத்தால், முதல் ஆட்டத்தன்றுதான் வந்து இறங்கியது. சில மணி நேரத்தில் மைதானம். 4-0 என்று தோல்வி. சீனியர் அணிக்கே இந்த நிலை. 2025 மே மாதம் அருணாசலப் பிரதேசத்தின் யூபியாவில் 19 வயதுப் போட்டி நடந்தது இந்தியா, பாகிஸ்தான் ராணுவ மோதல் உச்சத்தில் இருந்த நாட்களில். பாகிஸ்தான் அணி அதில் கிடையாது. நான்கு மாதம் கழித்து, மூன்றாம் நாடான இலங்கையின் கொழும்பில், இரு நாட்டின் 17 வயதுப் பையன்கள் எதிரெதிரே நின்றார்கள். இந்தியா 3-2 என்று வென்றது. ஐந்து கோல் விழுந்த ஆட்டம். தெற்காசியாவில் இந்த இரண்டு நாட்டுப் பிள்ளைகள் ஒரே புல்தரையில் நிற்க வேறு வாய்ப்புகள் அநேகமாக இல்லை என்பதை நினைத்தால், இந்தச் சின்னப் போட்டி எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது.

கொழும்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2022 ஜூலையில் இலங்கை அதிபர் நாட்டை விட்டே ஓடினார். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. அங்கே நடக்க வேண்டிய ஆசியக் கோப்பை கிரிக்கெட் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய்விட்டது. அதே செப்டம்பரில், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், 17 வயதுக் கால்பந்து கொழும்பிலேயே நடந்தது. ஒளிபரப்புப் பணம், ஸ்பான்சர், நட்சத்திர ஓட்டல் எதுவும் பெரிதாக இல்லாத போட்டிக்கு இப்படி ஒரு வலு உண்டு.

நேபாளமும் அப்படித்தான். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். நான்கே மாதத்தில் லலித்பூரில் 19 வயதுப் போட்டியை நடத்தி, இறுதியில் இந்தியாவைப் பெனால்டியில் வென்று கோப்பையையும் எடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து மூன்றே வாரத்தில் வங்கதேசத்தின் 20 வயது அணி நேபாளத்துக்குப் போய், அரையிறுதியில் இந்தியாவையும் இறுதியில் நேபாளத்தை 4-1 என்றும் வென்றது.

மணிப்பூரையும் இங்கே சேர்க்க வேண்டும். 2023 மே மாதம் அங்கே மெய்தேய், குக்கி மக்களுக்கிடையே வன்முறை வெடித்தது. செப்டம்பரில் திம்புவில் 16 வயதுப் போட்டி. இந்திய அணியின் 23 பேரில் 16 பேர் மணிப்பூர்காரர்கள். இரண்டு சமூகத்துப் பையன்களும் உண்டு. ஊரில் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போக முடியாத நேரம் அது. இங்கே ஒரே அறை வரிசையில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அணித் தலைவன் குக்கிப் பையன். இறுதியில் வங்கதேசத்தை 2-0 என்று வென்றபோது ஒரு கோல் மெய்தேய் பையன் போட்டது, இன்னொன்று குக்கிப் பையன் போட்டது. இதை வைத்து மணிப்பூர் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பையன்கள் திரும்பிப் போன ஊர் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அது நடந்தது என்பதைப் பதிவு செய்யாமல் விடக் கூடாது.

ஜூனியர் போட்டிகள் என்ற இந்த ஏணியை யார் முழுதாகப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டால், என் பதில் வங்கதேசப் பெண்கள்.

மைமன்சிங் மாவட்டத்தில் இந்திய எல்லையை ஒட்டி கல்சிந்தூர் என்று ஒரு கிராமம். 2011-ல் வங்கதேச அரசு தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்கு நாடு தழுவிய கால்பந்துப் போட்டியை ஆரம்பித்தது. கல்சிந்தூர் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதில் அடித்து நொறுக்கினார்கள். மரியா மாண்டா, சஞ்சிதா அக்தர், தஹுரா காத்தூன் எல்லோரும் அந்த ஒரே பள்ளி. டாக்காவில் வங்கதேசக் கால்பந்துக் கூட்டமைப்பின் கட்டடத்திலேயே அவர்களைத் தங்கவைத்து, வருடம் முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். 2015-ல் 14 வயது ஆசியப் பிராந்தியப் போட்டிக்காக காத்மாண்டு போயிருந்த நேரத்தில்தான் அந்த நிலநடுக்கம் வந்தது. இறுதிப் போட்டி நின்றுபோனது. சிறுமிகள் ஊர் திரும்பி, டிசம்பரில் மறுபடி போய், நேபாளத்தை 1-0 என்று வென்றார்கள்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. 2017-ல் 15 வயது சாஃப் கோப்பை, மரியா தலைமையில். 2018-ல் 18 வயது. 2021-ல் 19 வயது, அப்போதும் மரியாதான் தலைவர். 2022 செப்டம்பரில் அதே தலைமுறை காத்மாண்டுவில் நேபாளத்தை 3-1 என்று வென்று சீனியர் கோப்பையை எடுத்தது. டாக்கா விமான நிலையத்திலிருந்து மேல்தளம் திறந்த பேருந்தில் ஊர்வலம். 2024-ல் மறுபடி சாம்பியன். 2025 ஜூலையில் மியான்மரை அதன் மண்ணில் வென்று முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி. இரண்டு கோலும் ரிது பர்ணா சக்மா போட்டவை. ரங்கமதி மலையிலிருந்து வந்தவர், அவரும் இந்த ஜூனியர் போட்டிகளின் வழியாக மேலே வந்தவர்தான். தொடக்கப் பள்ளியிலிருந்து ஆசியக் கோப்பை வரை ஒரு படிகூடத் தாண்டாமல் ஏறிய தலைமுறை இது.

இங்கேயும் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. 2022-ல் சாம்பியன் ஆகி ஏழே மாதத்தில், மியான்மரில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்குப் பணம் இல்லை என்று சொல்லி அணியை அனுப்பவே இல்லை. ஊர்வலத்துக்குப் பேருந்து கிடைத்தது, விமான டிக்கெட் கிடைக்கவில்லை.

நம் பக்கத்திலும் இப்படிப் பள்ளிகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் கால்பந்தை இலங்கைப் பள்ளி விளையாட்டு உலகில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு பள்ளி நன்றாக ஆடுவது முதல் படி. அதற்கு மேலே தங்கும் முகாம், வருடம் முழுக்கப் பயிற்சி, வெளிநாட்டு ஆட்டங்கள் என்று அடுத்த படிகள் இருந்தால்தான் கல்சிந்தூர் கதை இன்னொரு இடத்திலும் நடக்கும்.

வயது மோசடியைப் பற்றிப் பேசாமல் ஜூனியர் கால்பந்தைப் பற்றி எழுத முடியாது. பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக இல்லாத நாடுகளில் இது எப்போதும் உண்டு. நம் வீடுகளிலேயே முந்தைய தலைமுறையில் பலருக்கு, பள்ளியில் சேர்க்க வசதியாக வாத்தியார் போட்ட ஒரு பிறந்தநாளும் உண்மையான ஒரு பிறந்தநாளும் தனித்தனியாக இருக்கும். 2009-ல் நைஜீரியாவில் நடந்த 17 வயது உலகக் கோப்பையில் ஃபிஃபா மணிக்கட்டு எம்ஆர்ஐ சோதனையைக் கொண்டுவந்தது. மணிக்கட்டுக்கு அருகே முன்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுதாக மூடிவிட்டதா என்று பார்ப்பார்கள். முழுதாக மூடியிருந்தால், பையனுக்குப் பதினேழு தாண்டிவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இந்தியாவில் எக்ஸ்ரே வைத்து எலும்பு வயது கணிக்கும் முறையும் இருக்கிறது. பெண்களுக்கு எலும்பு சீக்கிரமே மூடிவிடுவதால் எம்ஆர்ஐ முறை அவ்வளவு நம்பகமானது இல்லை. இருபது வயதுப் பிரிவுக்கு யாருக்குமே உதவாது. கதிர்ப்படம் பிடிக்காத பிரிவுகளில் இன்றும் காகிதத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வயதைக் குறைத்துக் காட்டி ஒருவன் உள்ளே வந்தால், நேர்மையாக ஆடும் இன்னொருவனின் ஒரே வாய்ப்பு போகிறது.

கடைசியாக, ஆட்ட எண்ணிக்கை. இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். 2022 கொழும்பில் ஆறு அணிகள், மூன்று மூன்றாக இரண்டு பிரிவு. பூடானும் மாலத்தீவும் இரண்டே ஆட்டம் ஆடிவிட்டு ஊர் திரும்பின. மாதக்கணக்கில் முகாம், பாஸ்போர்ட், விமானம், எல்லாம் 180 நிமிடத்துக்காக. அதே போட்டியில் இந்தியா பிரிவு ஆட்டத்தில் நேபாளத்திடம் 3-1 என்று தோற்றது. ஒரே வாரத்துக்குள் இறுதியில் மறுபடி சந்தித்து 4-0 என்று வென்றது. தோற்ற அணியோடு உடனே இன்னொரு முறை ஆடக் கிடைப்பதுதான் இந்த வயதில் ஒரு பையனுக்குக் கிடைக்கும் ஆகப் பெரிய பாடம். அந்தப் பாடம் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளுக்கு மட்டுமே கிடைத்தது.

2025 ஆகஸ்டில் திம்புவில் நடந்த 17 வயதுப் பெண்கள் போட்டி வேறு மாதிரி. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூடான் என்று நான்கே அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் இரண்டு முறை மோதின. ஆளுக்கு ஆறு ஆட்டம். இந்தியா கோப்பையை முன்கூட்டியே உறுதி செய்துவிட்ட பிறகும் கடைசி ஆட்டத்தில் வங்கதேசம் விடாமல் ஆடி 4-3 என்று வென்றது. கடைசி இடம் பிடித்த அணியும் ஆறு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போனது.

பையன்களின் கணக்கும் இப்போது மாறுகிறது. 17 வயது உலகக் கோப்பை 2025 முதல் 48 அணிகளோடு ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. முன்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறந்த கதவு இது. 2025 செப்டம்பரில் கொழும்பில் வங்கதேசத்தைப் பெனால்டியில் வென்று சாஃப் கோப்பை எடுத்த இந்திய அணி, நவம்பர் இறுதியில் அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று வீழ்த்தி ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. கொழும்பு இறுதியில் 2-2 என்று கடைசி வரை மல்லுக்கட்டிய அனுபவத்துக்கு அந்த வெற்றியில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். அடுத்த போட்டிக்கு அட்டவணை போடும்போது பையன்களுக்கும் திம்பு முறையைக் கொண்டுவர வேண்டும். ஏழு அணிகளுக்கு அது முடியாது என்றால், பிரிவில் கடைசியாக வந்த அணிகளுக்காவது தங்களுக்குள் இரண்டு ஆட்டம் வைக்கலாம். கூடுதல் செலவு நான்கு நாள் தங்கும் இடமும் சாப்பாடும்தான்.